ஓடையில் இறங்கிய சரோஜம் அக்கா

வியாழக்கிழமை காலை, முந்திரிப் பருப்புத் தரம் பிரிக்கும் மேசைகளுக்கு நடுவே நின்று தங்கம் சொன்னாள்: "அக்கா போயாச்சு." எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நல்ல போட்டோ ஒண்ணு தேடு, ஃபிளெக்ஸ் அடிக்கணும்" என்றார். அவர் முதலில் கேட்டது அதைத்தான்.

பாறசாலைப் பக்கத்து எங்கள் முந்திரி ஆலையை அறிந்தவர்களுக்கு சரோஜம் அக்காவைத் தெரியாமல் இருக்காது. இருபது வருடம் பருப்புத் தோல் உரித்தவர். ஒரு மழைக்காலம் ஆலைக்குப் பின்னால் ஓடும் ஓடை பிளாஸ்டிக்கால் அடைபட்டு, மழைத்தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்ததும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தனியாக இறங்கினார். "நம்ம கம்பெனி கவரும் இதுல உண்டு மக்கா. நாம வாராம வேற எவன் வாருவான்?" அடுத்த வாரம் பதினான்கு பேர் இறங்கினோம்.

மூன்றாம் மாதம் நிர்வாகம் விழித்துக்கொண்டது. பேனர் வந்தது, கேமரா வந்தது. மேனேஜர் கரையில் நின்று கையசைத்தார். "சாரே, படம் பிடிச்சது போதும். ஷூவைக் களத்திட்டு இறங்கும். இது தண்ணியாக்கும், தீயில்ல" என்றார் அக்கா. மேனேஜர் இறங்கவில்லை.

அக்காவின் குதிகால் எப்போதும் வெடித்திருக்கும்; அழுக்குத் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் ஏற அந்த வெடிப்பு போதும். பூட்ஸும் கையுறையும் கேட்டு மனு எழுதச் சொன்னார். ஆபீஸ் கிளார்க்கான நான்தான் எழுதிக் கொடுத்தேன். "ஃபைல்ல வை" என்றார் மேனேஜர். வைத்தேன். இரண்டாவது மனுவையும் வைத்தேன். கம்பெனி பெயர் போட்ட பனியன்கள் வந்தன. "எலே, இதைக் காலிலயா மாட்ட?" என்று அக்கா கேட்டபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அதை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டத்தில், சேவைக்காக உயிரைத் தந்தவர் என்றார்கள். யார் தந்தது? அவர் கேட்டது ஒரு ஜோடி பூட்ஸ். மறுநாள் அவர் பெயரில் துப்புரவு என்று மேனேஜர் அறிவித்ததும், நான் எழுந்து இரண்டு மனுக்களையும் உரக்கப் படித்தேன்.

"இது அதுக்கான இடமில்லை" என்றார் மேனேஜர்.

"பின்ன எங்க வச்சு வாசிக்க சாரே?" என்று கேட்டாள் தங்கம். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

சனிக்கிழமை யாரும் ஓடையில் இறங்கவில்லை. திங்கட்கிழமை பதினான்கு ஜோடி பூட்ஸ் வந்து சேர்ந்தது. வாங்க மூன்று நாள் போதுமாக இருந்திருக்கிறது.

அக்கா, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது மேலதிகாரி முன்னால் தாழாத அந்தக் குரலைத்தான். எனக்கு அது பிந்தித்தான் வந்தது. இனி எந்த மனுவையும் ஃபைலில் வைக்கமாட்டேன்.