பிராசஸில் இருக்கிறார் மாமனார்

என் வீட்டுக்காரர் தண்டாயுதபாணிக்கு நாற்பத்தெட்டு வயதில் படிப்பு ஆசை வந்தது. வேறு ஏதாவது ஆசை வந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருப்பேன். படிப்பு ஆயிற்றே! யாரிடம் சொன்னாலும் "குடுத்து வெச்சவ சாரதாமணி நீ" என்கிறார்கள். எதைக் கொடுத்து வைத்தேன் என்று எனக்கல்லவா தெரியும்.

படிப்பின் பெயர், சுகாதாரம் மற்றும் சமூகப் பராமரிப்பு மேலாண்மை. அவர் முதல் தடவை சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மூச்சு வாங்கியது. எல்லாம் ஆன்லைன். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு வாத்தியார் கம்ப்யூட்டரில் வருவார். இவர் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்து "எஸ் சார்" என்பார்.

இவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்கு அடியில் உருவாவதில்லை. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், தையல் இன்னொரு இடம். ஒவ்வொன்றையும் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து, டெம்போவில் ஏற்றி, அடுத்த யூனிட்டில் இறக்கி, கடைசியில் அட்டைப்பெட்டிக்குள் போட்டு அனுப்புவதுதான் இவர் வேலை. அதில் கெட்டிக்காரர்தான். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு பட்டன்கூடத் தன் கையால் தைத்ததில்லை.

ஆர்டர் படுத்துக்கிடந்த ஒரு சமயம் முதலாளி இவரைக் கூப்பிட்டுச் சொன்னாராம். "பாணி, பசங்க பூரா ஃபாரின் போயாச்சு. பெத்தவங்க தனியாக் கெடக்கறாங்க. பொங்கலூர்ல நம்ம எடம் சும்மாதான இருக்குது? அங்க ஒரு கேர் சென்டர் போட்டா நீங்களே மேனேஜருங்க. டிகிரி மட்டும் ஒண்ணு வாங்கிப் போடுங்க." அன்றைக்கே வீட்டுக்கு வந்து, "இனிமே எக்ஸ்போர்ட்டெல்லாம் பனியன்ல இல்ல சாரதா, கேர்லதான்" என்று ஃபேனைப் பார்த்துச் சொன்னார்.

கேர் எங்கேயோ பொங்கலூரில் இல்லை, எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலிலேயே படுத்திருந்தது. என் மாமனார் வெள்ளியங்கிரி. கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மீசையை முறுக்கிக்கொண்டு அவர் நின்றால் கட்டிங் டேபிளே பயப்படும் என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. அந்த வார்த்தை 'சரி.' பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கொசு கடித்தாலும் சரி. எனக்கே பாதி நேரம் புரியாது. "தண்ணியாங்க மாமா? திரும்பிப் படுக்கோணுமா? டப்பா வேணுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். சரியானதைக் கேட்டதும் கண்ணை மூடித் திறப்பார். டயாப்பர் போட்டால் இடது கையாலேயே பிய்த்து எறிந்துவிடுவார். அதனால் ஒன்றுக்குப் போக நேரத்துக்கு டப்பா பிடிக்க வேண்டும். அவ்வளவு ரோஷம் அந்த உடம்பில் மிச்சம் இருந்தது.

மாடியில் 'முதியோரின் கண்ணியம்' பாடம் ஓடும். கீழே மாமா "சரி! சரி!" என்று கத்துவார். உடனே மாடியிலிருந்து குரல் வரும். "சாரதா, அப்பா கத்தறாரு பாரு, கிளாஸ் நடக்குதுல்ல?"

ஒருநாள் இவர் கையில் கேள்வித்தாளோடு கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பயனாளி திருப்தி ஆய்வாம். "உணவு எப்படி இருக்குதுங்ப்பா?" "சரி." "சுத்தம்?" "சரி." "பராமரிப்பவரின் அணுகுமுறை?" "சரி." நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். மாமா அத்தனை நேரமும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நான் சொம்பைக் கொண்டுபோய் நீட்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இந்த நிலைமையில்தான் என் தம்பி அருள்செல்வனுக்குப் பெண் அமைந்தது. முப்பத்தெட்டு வயது. ஜாதகம் தூக்கித் தூக்கி எங்கள் அப்பாவின் செருப்பு தேய்ந்துபோன பிறகு, வெள்ளகோவிலில் கல்யாணம் என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளைக் கல்யாணப் பெண் மாதிரியே சிங்காரித்து அவன் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையைக் கூடையில் வைத்து அவள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சீர் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. அவனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

மூன்று வருடமாக எத்தனையோ நல்லது கெட்டதை விட்டுக்கொடுத்தவள் நான். இதை மட்டும் விட மாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டேன்.

"ஏனுங்க, ஒரே ஒரு நாள் மாமாவை நீங்க பாத்துக்கோணுமுங்க. சனிக்கெழமை பொழுதோட நான் கெளம்பீருவேன். ஞாயித்துக்கெழமை சீரு" என்றேன்.

சண்டை வரும் என்று பார்த்தால் அவர் முகம் மலர்ந்தது. "நானே சொல்லலாம்னு இருந்தேன். புராஜெக்ட்ல நேரடிப் பராமரிப்பு அனுபவம்னு ஒரு அத்தியாயம் எழுதோணும். நீ நிம்மதியாப் போ. எட்டாயிரம் பீஸை லைன்ல ஓட்டறவன், ஒரு ஆளைப் பாத்துக்க மாட்டனா?"

நம்பினேன். சனிக்கிழமை சாயங்காலம் மாமாவுக்கு எல்லாம் முடித்துப் படுக்க வைத்துவிட்டு பஸ் ஏறினேன். காங்கயம் தாண்டும்போது எனக்கே தெரியாமல் பாட்டு முனகிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை. தலை நிறைய பூவும், நெற்றிச்சுட்டியும், கழுத்து நிறைய நகையுமாக நான் மண்டபத்தில் நின்றபோது இவர் வந்தார். பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, சென்ட் வாசம். வாசலிலேயே நாலு பேரிடம் கேர் சென்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"மாமா எங்கீங்க?"

"பிராசஸ்ல இருக்காரு."

"என்னதுங்க?"

"பிளான் போட்டுட்டேன் சாரதா. ஷேவிங் சலூன்ல. குளியல் நம்ம கம்பெனி ஹாஸ்டல்ல, வடக்கத்திப் பசங்க இருக்கறாங்க, அலாக்காத் தூக்குவாங்க. டிபன் கேன்டீன்ல. மாத்திரை மெடிக்கல்ல. அப்பறம் நம்மூட்டுல எறக்கிட்டா கம்பெனி வாட்ச்மேன் லிங்கசாமி தொணைக்கு இருப்பான். டெம்போ முனீஸ்கிட்ட டி.சி. போட்டே குடுத்துட்டேன்."

டி.சி. என்பது சரக்கு ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்குப் போகும்போது கூடவே போகும் சீட்டு. பெற்ற அப்பனுக்கு டி.சி. போட்ட மகனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அடக் கொடுமையே! அந்த ஆளுகளையெல்லாம் ஊட்டுக்கு வரச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

அவர் என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தார். "பீஸுதான் யூனிட்டுக்குப் போகும் சாரதா. எங்கியாச்சும் யூனிட்டு பீஸைத் தேடி வருமா?"

இன்னும் ஒன்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சீர் நடத்தித் தருகிற அருமைக்காரர் கூப்பிட்டுவிட்டார். "வா கண்ணு, நேரமாச்சு." என்னைக் கொண்டுபோய்த் தம்பி பக்கத்தில் உட்கார வைத்துக் கூடையைக் கையில் கொடுத்தார்கள்.

சீர் பாதி நடக்கும்போது வாசலில் ஹார்ன் சத்தம். நாதஸ்வரத்தையும் மீறி அடித்தது. டெம்போவிலிருந்து குதித்து முனீஸ் உள்ளே ஓடி வந்தான். அவன் ராமநாதபுரத்துக்காரன், அவன் மெதுவாகப் பேசினாலே தெருக்கோடிவரை கேட்கும்.

"யண்ணே! எல்லா பிராசஸும் முடிஞ்சிருச்சு. வீடு பூட்டிக் கெடக்கு. லிங்கசாமி கறிக்கடை வரிசையில நிக்கான்னு சொல்றாக. நீங்க போனையும் எடுக்கல. லோடை நடுரோட்ல எறக்க முடியுமா? அதான் குடுத்த பார்ட்டிக்கே ரிட்டன் கொண்டாந்துட்டேன்."

"குடுத்த பார்ட்டி நான்தானடா?" என்று பல்லைக் கடித்தார் இவர்.

"நீங்க டி.சி. போட்டீக. பெரியவர வச்சுப் பாக்குறது அக்காதானண்ணே? ஊருக்கே தெரியுமே!" என்றான் முனீஸ்.

அதற்குள் இரண்டு பேர் மாமாவைச் சக்கர நாற்காலியோடு தூக்கி மண்டப வாசலில் வைத்துவிட்டார்கள். மீசை இல்லை. சலூன்காரன் சேர்த்துச் சிரைத்துவிட்டான். ஹாஸ்டல் பையன்கள் ஆசையாகக் கடுகெண்ணெய் தேய்த்துத் தலைவாரி, முகமெல்லாம் பவுடர் பூசி, இங்கிலீஷ் எழுத்துப் போட்ட டீ சர்ட் ஒன்றையும் மாட்டிவிட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வேலையைக் குறையில்லாமல் செய்திருந்தார்கள். ஆனால் டப்பா பிடிப்பது யார் பிராசஸிலும் இல்லை. இடுப்புக்குக் கீழே வேட்டி முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்ல நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினார். "சரி," என்றார். "சரி... சரி..."

இவர் நின்ற இடத்திலிருந்தே எனக்குக் கையைக் காட்டினார். "சாரதா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ."

கூடையைப் பிடித்திருந்த என் கை தானாகத் தளர்ந்தது. மூன்று வருடப் பழக்கம், மாமாவின் 'சரி' கேட்டாலே கால் எழுந்துவிடும். அருமைக்காரர் குனிந்து சொன்னார், "எந்திரிச்சா மறுக்கா மொதல்லருந்து செய்யோணும் கண்ணு. முகூர்த்தம் தாண்டிப் போயிரும்." தம்பி என்னைப் பார்க்காமலே, "அக்கா, நீ வேணும்னாப் போக்கா. பரவால்ல" என்றான். இத்தனை வருடம் காத்துக்கிடந்தவன் சொல்கிற பேச்சா அது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"ஏனுங்க! அவரு என்ற அப்பனுங்களா, உங்கப்பனுங்களா? பெத்த அப்பனுக்கு வேட்டி மாத்தத் தெரியாமத்தான் ஊரா அப்பனுக்கெல்லாம் மாத்தறதுக்குப் படிக்கறீங்களா?"

நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது. இவர் முகம் கறுத்துப்போயிற்று. சுற்றிலும் பார்த்தார். யாரும் முன்னால் வரவில்லை, கேர் சென்டர் கதை கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் சேர்த்துத்தான். ஒருவழியாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார். முனீஸ் கதவைச் சாத்தினான்.

உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. "கொஞ்சம் திரும்புங்ப்பா." "சரி." ஏதோ விழுந்தது. "அய்யோ, வலிக்குதுங்களா?" "சரி!" தண்ணீர் கொட்டுகிற சத்தம். ரொம்ப நேரம் ஆனது. இங்கே சீர் முடிந்து, மாலை மாற்றி, தாலியை எடுக்கும் நேரத்தில்தான் கதவு திறந்தது. மாமாவின் இடுப்பில் இவருடைய பட்டுக்கரை வேட்டி, ஏற இறங்கக் கட்டியிருந்தது. இவர், முனீஸ் டெம்போவில் மாற்றுக்கு வைத்திருந்த கட்டம்போட்ட லுங்கியில் இருந்தார். சட்டையெல்லாம் ஈரம். நாற்காலியை முதல் வரிசைக்கே தள்ளிக்கொண்டு வந்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவின் இடது கையில் அட்சதையை வைத்தார். தம்பி தாலி கட்டினான். நான் வாய்விட்டு அழுதேன். தம்பிக்காகவும் அழுதேன், மாமாவின் மீசைக்காகவும் அழுதேன்.

இப்போது இவருக்குப் பட்டம் வந்துவிட்டது. முதல் வகுப்பு. கல்யாணத்தன்று நடந்ததை 'சேவை இடைவெளிகளை அடையாளம் காணுதல்' என்று ஒரு அத்தியாயமாகவே எழுதிவிட்டார். கழுத்துப்பட்டை வாத்தியார் ரொம்பப் பாராட்டினாராம். அதற்குள் முதலாளிக்கு ஆர்டர் குவிய ஆரம்பித்துவிட்டது, பொங்கலூர் இடம் இப்போது நூல் குடோன். சட்டம் போட்ட பட்டம் முன்னறைச் சுவரில், மாமா கட்டிலுக்கு நேர் மேலே தொங்குகிறது.

பட்டம் வருவதற்கு முன்னால் புராஜெக்ட்டை அச்சுக்குக் கொடுத்தபோது, நன்றி சொல்லும் பக்கத்தில் வாத்தியார், முதலாளி, 'போக்குவரத்து உதவி முனீஸ்' எல்லோரும் இருந்தார்கள். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார், "உன்ற பேரையும் போட்டறட்டுமா சாரதா?"

"பேரெல்லாம் வேண்டாமுங்க. ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு குடுங்க" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சேவூருக்குப் போனேன். காரியம் ஒன்றும் கிடையாது. கோயிலுக்குப் போய்விட்டு, கடையில் உட்கார்ந்து நிதானமாக ஒரு டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"சாரதா, அப்பா சரி சரிங்கறாரு. என்ன வேணும்னே தெரியலயே, நீ சொல்லு."

"என்னையக் கேட்டா எனக்கென்னங்க தெரியும்? அவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டேன்.

போனை வைக்க மறந்துவிட்டார்போல. அந்தப் பக்கம் பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது. "தண்ணியாங்ப்பா? திரும்பிப் படுக்கோணுமா? டப்பாவா?"