ஃபாரம் அக்கா ஏற்றிய ஆய்வேடு

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், சன்னல் இல்லாத ஓர் அறையில் அவள் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். ஒரு ஸ்கேனர், ஒரு கணினி, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். இன்னொன்றில் ஆய்வேடுகள் உட்கார்ந்தன. அதில் இடம் பற்றாமல் தரையிலும் சுவரோரமாக இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன.

அந்த ஆய்வேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, தலைப்பு, ஆய்வாளர், துறை, ஆண்டு என்று விவரம் தட்டி, பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால், உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் யாரையும் கெஞ்சாமல் எடுத்துப் படிக்கலாம். தவளைகளின் குரல், பாலத்தூண்களில் விழும் விரிசல், சிறைக் கைதிகளின் கடிதங்கள், எலுமிச்சை இலையைத் தின்னும் புழு என்று எல்லாம் அவள் கைவழியாகப் போயின. எதையும் அவள் படித்ததில்லை. ஒரு நாளைக்கு அறுநூறு பக்கம் புரட்டுகிற கைக்குப் படிக்க ஏது நேரம்?

ஏற்றுவதற்கு முன்னால் எழுதியவரின் கையெழுத்து வேண்டும். அதற்கான ஒப்புதல் படிவத்தைக் கட்டாக எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் துறை துறையாக ஏறி இறங்குவாள். அதனால்தான் 'ஃபாரம் அக்கா' என்று பெயர் விழுந்தது. அவள் தலை தெரிந்ததும் சில பேராசிரியர்களுக்கு அவசரமாக டீ குடிக்கத் தோன்றும். ஒருவர் மூன்று தடவை தவறான தேதி போட்டுக் கொடுத்தார். இன்னொருவர், "இப்படித் திறந்து போட்டா என் ஆராய்ச்சிய யாராவது திருடிட்டுப் போயிட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"பூட்டி வச்சிருந்ததுல பாதிய செல் அரிச்சிடுச்சு சார். அதுக்கு மனுசன் திருடினாத் தேவலை" என்றாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்தால் கால் கனக்கும். அதைவிடத் தொண்டை கனக்கும். அவள் கணவர் முப்பத்தொரு வருடம் நூல் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எதைச் சொன்னாலும் மூன்று தடவை சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கத்தினால், "ஏன் இப்படிக் கத்துற?" என்பார். டி.வி. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கல்யாணமாகிப் போன மகள் போனில், "அப்பாகிட்டப் பேசறதும் செவுத்துகிட்டப் பேசறதும் ஒண்ணுதாம்மா" என்பாள். அவருக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று பல வருடத்துக்கு முன்பே அவள் முடிவுகட்டிவிட்டாள். பேச்சையும் சுருக்கிக்கொண்டாள். சாப்பிட வாங்க. கதவைச் சாத்துங்க. அவ்வளவுதான்.

அந்த ஆய்வேடு கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இருபத்துநான்கு வருடத்துக்கு முந்தையது. மூன்று நூல் மில்களில் வேலை பார்த்தவர்களின் செவித்திறன் குறைவு பற்றியது. மூன்றில் ஒன்று கணவரின் மில். அதற்காகவும் அவள் நின்று படிக்கவில்லை. நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் பசையேறி அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிழியாமல் நகத்தால் பிரிக்கும்போது கண்ணில் பட்டது.

இரைச்சலில் முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் என்று எழுதியிருந்தது. அப்படிப்பட்டவருக்கு ஆண்களின் கனத்த குரல் கேட்கும். மனைவியின் பேச்சு, சொல் பிரியாத முனகலாக வந்து சேரும். பேட்டி கண்ட மனைவியர் அறுபத்தெட்டுப் பேரில் நாற்பத்தொன்பது பேர், கணவர் வேண்டுமென்றே தங்களை அலட்சியம் செய்வதாக நம்பினார்கள்.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு மிச்சப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து முடித்தாள்.

வீட்டில் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து மேசைவிசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். அவள் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு" என்றாள். அவர் திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முன்னால் வந்து உட்கார்ந்தாள். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "என்னங்க, உங்களுக்குக் காது கேக்கலையா?" என்றாள்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "கேக்குது. கொஞ்சம் கம்மியா."

"எத்தன வருசமா?"

"மில்லுல இருக்கும்போதே."

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ இன்னும் சத்தமாத் திட்டுவ" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "ஒரு தடவ காலேஜ்லருந்து ஒரு பொண்ணு பெட்டியும் மைக்குமா வந்து நின்னுச்சு. எல்லாருக்கும் காது டெஸ்ட் பண்ணுச்சு. காது போச்சுன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு மேஸ்திரி சொன்னாரு. நான் பின்பக்கமா நழுவிட்டேன்."

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அத்தனையையும் கனத்த குரலில் சொல்லத் தெம்பில்லை. எழுந்து போய் டீ போட்டாள்.

ஆய்வேட்டை எழுதிய அந்தப் பெட்டிக்காரப் பெண்ணைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. ஊருக்கு வெளியே ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, கையில் சாவிக்கொத்து, கண்ணுக்குக் கீழே கருவளையம். தண்ணீர் வரவில்லை என்று இரண்டு பெண்கள் முறையிட்டுக்கொண்டிருக்க, நின்றபடியே படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"இத இப்ப யார் மேடம் படிக்கப் போறாங்க?"

"நான் படிச்சேன்" என்றாள் ஃபாரம் அக்கா. "முழுசா இல்ல. ஒரு பக்கம்."

எந்தப் பக்கம் என்று வார்டன் கேட்டார். சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எட்டு மாதம் அந்தச் சத்தத்துக்குள் நின்று எடுத்த கணக்குகள் அவை என்றார். பட்டம் வாங்கிய மறு வருடம், வழிகாட்டிய பேராசிரியர் ஒரு புத்தகம் போட்டார். அட்டவணைகள் அத்தனையும் இவருடையவை. பெயர் மட்டும் அவருடையது. முன்னுரையில் 'உதவிய மாணவிக்கு நன்றி' என்று ஒரு வரி. அதன் பிறகு எங்கு வேலைக்குப் போனாலும், இது உங்கள் பேராசிரியர் செய்த ஆராய்ச்சிதானே என்று கேட்டார்கள்.

"நீங்க புகார் குடுக்கலையா?"

"குடுத்தா யார்கிட்டப் போகும்? சுத்திச் சுத்தி அவர் மேசைக்குத்தான் வரும்." படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "இந்தாங்க. கெடக்கட்டும் அங்கயாவது."

ஆய்வேடு களஞ்சியத்தில் ஏறியது. முதல் மாதம் நாலு பேர் பார்த்தார்கள். ஆறாவது மாதம், நெசவாலைத் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் ஒரு வெளிநாட்டுச் சங்கம் அதைத் தன் அறிக்கையில் சேர்த்தது. எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டது. அதைப் படித்த யாரோ ஓர் ஆய்வாளர், பேராசிரியரின் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். பதினேழு அட்டவணைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதாகப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டார். பேராசிரியர் அப்போது டீன்.

டீன் ஃபாரம் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நூலகர் கூடவே வந்து ஓரமாக நின்றுகொண்டார்.

"அந்த ஃபைல்ல ஏதோ டெக்னிக்கல் கோளாறாமே. தற்காலிகமா எடுத்துடுங்கம்மா."

"நல்லாத் தொறக்குது சார். காலையிலகூடப் பாத்தேன்."

"நான் சொல்றேன்ல."

"எடுக்கச் சொன்னா எடுத்துடறேன் சார். அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. என்ன காரணம்னு எழுதி, நீங்க கையெழுத்துப் போடணும். ஃபைல எடுத்தாலும் தலைப்பும் பேரும் அங்கயேதான் இருக்கும். எதனால எடுத்தோம், யார் சொல்லி எடுத்தோம்னு அதுக்குக் கீழ வந்துடும். எல்லாருக்கும் தெரியும்."

டீன் நூலகரைப் பார்த்தார். நூலகர் சன்னலைப் பார்த்தார்.

"போங்க" என்றார் டீன்.

அவளுக்குப் பெரிய துணிச்சல் என்று பிறகு சிலர் பேசிக்கொண்டார்கள். அவளைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டாள். பொய்யாக ஒரு காரணம் எழுதிவிட்டு நாளைக்கு யாராவது கேட்டால் இன்னொரு பொய் தேட வேண்டும். அதற்கெல்லாம் உடம்பில் சக்தி இல்லை என்பாள்.

படிவம் வரவே இல்லை. ஆய்வேடு அங்கேயே இருந்தது. அவள்தான் இருக்கவில்லை. பத்தாம் நாள், நாளிதழ்ப் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. பழைய செய்தித்தாள்களை மாதவாரியாகக் கட்டிவைக்கிற வேலை. "நான் என்னம்மா பண்றது, எனக்கே ரெண்டு வருசம்தான் பாக்கி" என்றார் நூலகர். கீழ்த்தள அறைக்குப் புதிதாக யாரையும் போடவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை நூலகர் மேசை இழுப்பறையில் வைத்தார்கள். ஒரு விசாரணைக் குழு அமைந்தது. மூன்று முறை கூடியது. நாலாவது கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்குள் டீன் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள்.

இதையெல்லாம் வார்டனிடம் போனில் சொன்னபோது, "விடுங்கக்கா. கோபப்படறதுக்குக்கூட இப்பல்லாம் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கு" என்றார். இதற்கிடையில் ஃபாரம் அக்கா தன் கணவரை அரசு மருத்துவமனைக்கு மூன்று தடவை அலைந்து கூட்டிப்போய்க் காதுக்கருவி வாங்கிக் கொடுத்திருந்தாள். அவர் அதை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்து, "செருப்புகூடவா இவ்வளவு சத்தம் போடும்?" என்று குறைப்பட்டார். பாதி நேரம் கழற்றி வைத்துவிடுவார். மாட்டியிருக்கும் நேரத்தில் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருடம் பேசாததையெல்லாம் பேசிவிடவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் வார்டனிடமிருந்து போன் வந்தது. குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, எங்கயோ தூர நாட்டுலருந்து ஒரு டாக்டர் எனக்கு எழுதியிருக்காங்க. அறுபத்தோராம் பக்கத்துல எப்படி அளந்தீங்கன்னு கேக்கறாங்க. இருபத்தஞ்சு வருசத்துல என்கிட்ட யாரும் கேட்டதில்லக்கா. அப்ப எழுதின நோட்டெல்லாம் இருக்கா, அதையும் களஞ்சியத்துல போடமுடியுமான்னு கேட்டிருக்காங்க. கட்டிலுக்கு அடியில சூட்கேஸ்ல அப்படியே இருக்கு. போடலாமா?"

ஃபாரம் அக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். இது தன் பிரிவு இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் தப்பும் இல்லை.

"எத்தன நோட்டு?"

"முப்பத்தாறு."

"தொழிலாளிங்க பேர் எழுதியிருக்கா?"

"எல்லார் பேரும் இருக்கு. ஏன்?"

"பேரோட போடக் கூடாது. அவங்க காதப் பத்தின விசயம், ஊருக்கே தெரியணும்னு இல்ல. மறைச்சுத்தான் போடணும். கொண்டு வாங்க, பாக்கலாம்."

மதிய இடைவேளையில் அரைமணி நேரம் கீழ்த்தள அறையைத் திறந்துகொள்ள நூலகரிடம் கேட்டாள். கேட்டது எழுத்தில் இல்லை. அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சூட்கேஸ் வீட்டுக்கு வந்தது. வார்டன் நோட்டுகளை வரிசைப்படுத்த, அவள் பெயர்களின் மேல் வைக்கக் காகிதப் பட்டைகளை நறுக்கினாள். பேர் எதையும் படிக்கக் கூடாது என்று கணவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தாள். அவர் தலையாட்டிவிட்டு, கண்ணாடியைக்கூடப் போடாமல், பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கொடுத்தார். நாலைந்து நோட்டு முடிந்ததும் கையை நிறுத்தினார்.

"நான் அன்னிக்கு டெஸ்டுக்கு வந்திருக்கணும்மா" என்றார் வார்டனிடம்.

"பரவாயில்லண்ணே" என்றார் வார்டன். "நீங்க ஒருத்தர் மட்டுமா நழுவினீங்க? அன்னிக்குப் பின்பக்கக் கதவே தேஞ்சுபோச்சு."

மூன்று பேரும் சிரித்தார்கள். இன்னும் முப்பத்தொரு நோட்டு இருந்தது. ஃபாரம் அக்கா கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள்.