மலை விழும் படத்தைத் திருத்திய தர்ஷினி

1. நிப்பாட்டச் சொன்ன போன்

அட்டைப்படத்தில் மழைக்குக் கலர் கொடுத்துக்கொண்டிருந்தபோது லோகேஸ்வரி டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, புத்தகத்த நிப்பாட்டச் சொல்லுங்க. அடிச்சதையும் வெளிய விட்டுராதீங்க."

குரல் நடுங்கியது. பின்னால் யாரோ சத்தம் போடுவதும் கேட்டது.

இலங்கை மலையகத்தின் பண்டாரவளையில் ஒரு அச்சகத்தில் லேஅவுட்டும் படமும் செய்வது என் வேலை. கல்யாண கார்டு, திருவிழா நோட்டீஸ், டியூஷன் பேப்பர் என்று நாள் ஓடும். சிறுவர் நாவல் எப்போதாவதுதான் வரும். லோகேஸ்வரி டீச்சர் நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். அவர் எழுதிய கதையில் வேணி என்று ஒரு சிறுமி. நடக்கப் போவது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். காணாமல் போன கூட்டாளியைத் தேடிக் காட்டுக்குள் போவாள், ஆற்று வெள்ளத்திலிருந்து தம்பியைக் காப்பாற்றுவாள். கடைசியில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் மேல் மலை சரியப் போவதைக் கண்டு எல்லோரையும் வெளியே கூட்டி வருவாள்.

அச்சுக்கு வருமுன் டீச்சர் அதைத் தன் வகுப்பில் நாளுக்கொரு அத்தியாயமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். வினை அங்கேதான் வந்தது. அந்த வகுப்பில் படிக்கும் தர்ஷினி என்ற பிள்ளை, "நாளைக்கு எங்க லயத்து மேல மலை விழப்போகுது. எனக்குக் கனவுல தெரிஞ்சிச்சி" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அடைமழைக் காலம் வேறு. சனங்கள் பயந்து பிள்ளைகுட்டிகளோடு கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்துக்கும் ஆள் வரவில்லை, கொழுந்து எடுக்கவும் ஆள் இல்லை. மலை விழவில்லை; சனங்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை சத்தம் போட்டார். பேர் போடாததால் அன்றைய சம்பளம் போன ஆத்திரம் சனங்களுக்கு. எல்லாக் கோபமும் டீச்சரின் கதை மேல் திரும்பியது.

முதலாளி ஹாஜியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாதிப் புத்தகத்துக்கு ஃபார்மா அடிச்சி முடிஞ்சி தங்கச்சி. இப்ப நிப்பாட்ட ஏலாது. ஆனா அந்த டீச்சர சனங்க அடிச்சிப்போட்டா நாம புத்தகம் வச்சி என்ன செய்ய? நீயே போய்ப் பாத்துட்டு வா. படத்தையும் கொண்டுபோய்க் காட்டு. ஒண்ணுமில்லாத கதைதானேன்னு அவங்களுக்கு வெளங்கட்டும்."

2. படத்தைப் பார்த்த பிள்ளை

எல்ல என்ற ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ரோட்டோரம் மண் சரிந்து கிடந்தது. ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி, மேலே மேட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். மடியில் இருந்த படக்கட்டை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் கூடி நின்றார்கள். தொழிலாளர் சங்கத்துத் தோட்டத் தலைவரும் வந்திருந்தார். டீச்சர் அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தர்ஷினியின் அப்பா சிவபாலன் மகளின் கையைப் பிடித்தபடி நின்றார்.

"இவ முந்தி இப்பிடி இல்லீங்க. அந்தக் கதையக் கேட்டதுல இருந்துதான். லயத்துல என்னால தலை காட்ட முடியல" என்றார்.

நான் படங்களை மேசையில் பரப்பினேன். "இது வெறும் கதைங்க. வேணி, நானும் டீச்சரும் சேந்து உண்டாக்குன ஆளு" என்றேன். பெரியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தர்ஷினி மட்டும், அப்பா பிடித்த கையோடு, கிட்டே வந்தாள். மலை சரியும் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"மிஸ், இது இப்பிடி இருக்காது."

"பின்ன எப்பிடி இருக்கும்?"

"மரம் இப்பிடி நேரா நிக்காது. கீழ பாத்து சாஞ்சிக்கிட்டு நிக்கும். மேல மண்ணு படி மாதிரி எறங்கியிருக்கும். படிக்குக் கீழ தண்ணி வரும், டீத்தண்ணி கலர்ல."

பிள்ளைகளுக்குப் படம் வரைந்து பழகியவள் நான். கனவைச் சொல்லும் பிள்ளை பாம்பு, பேய், பெரிய நெருப்பு என்று சொல்லும். மண் படி மாதிரி இறங்கியிருக்கிறது என்று சொல்லாது.

குனிந்து மெதுவாகக் கேட்டேன். "தர்ஷினி, இத எங்க பாத்த?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"யாரும் ஏச மாட்டாங்க. எங்க பாத்தன்னு மட்டும் சொல்லு."

"எங்க லயத்துக்குப் பின்னால. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனப்ப பாத்தேன். அப்பாகிட்ட சொன்னேன். மழைக்கு மண்ணு அப்பிடித்தான் இருக்கும், போய்ப் படின்னாரு. தலைவர் மாமாகிட்டயும் சொன்னேன். அவரு போன் பேசிக்கிட்டு இருந்தாரு." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. "வேணி சொன்னா எல்லாரும் கேட்டாங்கள்ல? அதான் கனவுன்னு சொன்னேன்."

சிவபாலன் அவள் கையை விட்டுவிட்டார். தலைவர் குடையைக் கையில் எடுத்தார்.

3. லயத்துக்குப் பின்னால்

நாங்கள் மேலே ஏறினோம். தலைவர், சிவபாலன், டீச்சர், நான். தர்ஷினி வழி காட்டினாள். வழுக்கலில் ரெண்டு தரம் விழுந்து எழும்பினேன். ஒரு பலாமரம் லயத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அதற்கு மேலே, புல்லுக்கு நடுவில், மண் பிளந்து முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. தலைவர் தன் குடையைப் பிளவுக்குள் விட்டார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. மண்ணோடு இழுத்தெடுத்த குடையைத் துடைக்கவும் மறந்து அப்படியே நின்றார்.

கீழே எங்கோ ஓடும் தண்ணீரின் சத்தம் மண்ணுக்குள்ளிருந்து கேட்டது. என் வேலைக்காலத்தில் நான் பயந்த நேரங்கள் உண்டு. அந்த மாதிரி ஒரு பயம் எனக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

தலைவர் தொரைக்கும் கிராம சேவகருக்கும் போன் போட்டார். சனங்களைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"நேத்தும் இதத்தானே சொன்னீங்க? நாளைக்கும் பேரு போடாம இருந்தா வயித்துக்கு நீங்களா குடுப்பீங்க?" என்று ஒரு அம்மா கதவுக்குக் குறுக்கே நின்றார். ஒருவர் சிரித்தார். "அந்தப் புள்ளைக்கு மறுபடி சாமி வந்திருச்சா?"

சிவபாலன் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி நின்று கத்தினார். "சாமியும் இல்ல, கனவும் இல்ல! நானே கண்ணால பாத்துட்டு வந்தேன். எம்புள்ள சொன்னப்ப நான் கேக்கல. நீங்களாவது வாங்க. நம்பிக்கை இல்லாதவங்க மேல போய்ப் பாத்துட்டு வாங்க!"

ரெண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். திரும்பி ஓடி வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. இருட்டுமுன் லயம் காலியாகி, சனங்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து, யாரும் திரும்பக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த சில நாட்கள் நான் வேலையில் பிழைமேல் பிழை விட்டேன். போன் அடிக்கும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். மழை கொஞ்சம் விட்டு, வெயில் எட்டிப் பார்த்த ஒரு மத்தியானம் டீச்சர் போன் பண்ணினார்.

"விழுந்திருச்சி அக்கா. பின்பக்கத்துக் காம்பரா வீடெல்லாம் மண்ணுக்குள்ள. ஆளுக யாருக்கும் ஒண்ணுமில்ல."

நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். ஹாஜியார் பக்கத்தில் வந்து நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

4. குறி கேட்க வந்தவர்கள்

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கனவில் கண்டு சொன்ன பிள்ளை என்று பேச்சுப் பரவி, சனங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட மண்டபத்துக்கு வெளித்தோட்டங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மகனுக்கு விசா கிடைக்குமா, மகளுக்கு எப்போது கல்யாணம் என்று தர்ஷினியிடம் கேட்டார்கள். ஒரு அம்மா அவள் முன்னால் கற்பூரமே ஏற்றிவிட்டார். பிள்ளை சாப்பிடவில்லை, மண்டபத்தின் மூலையை விட்டு வரவில்லை. "தப்பாச் சொன்னா என்னைய ஏசுவாங்களா மிஸ்?" என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறாள்.

டீச்சர் கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதினார். புதிய அத்தியாயத்தில் வேணிக்கு ஒன்றும் முன்கூட்டித் தெரியவில்லை. அவள் மேலே போய்ப் பார்க்கிறாள், பெரியவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். நான் படத்தையும் மாற்றினேன். மரத்தைச் சாய்த்தேன், மண்ணைப் படியாக இறக்கினேன். அடித்து வைத்திருந்த ஃபார்மாத் தாள்களில் ஒரு கட்டு வீணானது. ஹாஜியார் முணுமுணுத்துக்கொண்டே புது ப்ளேட் போட்டார்.

திருத்திய படத்தைத் தர்ஷினிக்குக் காட்டப் போனேன். அவள் உற்றுப் பார்த்து, "இது சரி மிஸ்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் வெற்றிலைத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். "தாயி, எங்க தோட்டத்துக்கு ஏதும் ஆபத்து இருக்கான்னு சொல்லு."

சிவபாலன் எழும்பி வந்து மகளுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"ஐயா, எம்புள்ளைக்குக் குறி சொல்லத் தெரியாது. ஒங்க லயத்துலயும் புள்ளைங்க இருக்கும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகும், வெறகு பொறுக்கப் போகும். அதுங்ககிட்ட போய்க் கேளுங்க."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

பிள்ளைகளுக்குப் புத்தகம் செய்ய வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படத்தை முடிக்குமுன் அந்த இடத்துப் பிள்ளையிடம் காட்டுங்கள். பிழை என்று அது சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எங்கே பார்த்தாய் என்று கேளுங்கள். பதில் வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.