அண்ணன் காலுக்கு நான் தேய்த்த எண்ணெய்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேலே கோபம் வரும். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உலக யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷம், சித்திரையில், தென்காசி வயலிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த வண்டி வாய்க்கால் கரையில் சாய்ந்தது. பாரத்தின் மேல் உட்கார்ந்திருந்த அண்ணன் மல்லாக்க விழுந்தான். மண்டைக் காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. முதுகெலும்பில் பட்ட அடிதான் ஆளைக் கிடத்திவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கொஞ்சம் இருந்தது, அசைவு இல்லை.

வைகாசிக் கடைசியில் இடது கால் பெருவிரல் லேசாக அசைந்தது. மதினி அழுதாள். கார் நெல் அறுப்புக்கு அண்ணன் வரப்பில் நிற்பான் என்று நான் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனியில் சாரல் தொடங்கியபோது அதே கால் வீங்கியது. தொட்டால் சுட்டது. வந்த அசைவும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். குற்றாலத்தில் சீசனுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரை வண்டி வைத்துக் கூட்டிவந்தேன். அவர் கெண்டைக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"இந்த வீக்கம் எனக்குப் பிடிபடல அண்ணாச்சி. நான் கை வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில காட்டுங்க."

"அருவிக்கரையில ஊரு உடம்பையெல்லாம் தேய்க்கீரு. எங்க அண்ணன் காலுன்னா மட்டும் கசக்குதோ?" என்று கத்தினேன்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அவரிடம் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு வீம்பு. நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

குதிகாலிலிருந்து தொடைவரை அழுத்தித் தேய்த்தேன்.

"இதமா இருக்குலே. இன்னும் கொஞ்சம் அமுக்கு," என்றான் அண்ணன்.

அமுக்கினேன். சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "மூச்சு முட்டுதுலே," என்றான். மதினி செம்பில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விழுந்தபோது உள்ளே பட்ட அடிதான் கொண்டுபோய்விட்டது என்று ஊர் பேசியது. நானும் அதையே நம்பினேன்.

சில வருஷம் கழித்து ஒரு டாக்டரிடம் யாரோ ஒருவருக்கு நடந்ததுபோல இதைச் சொல்லிக் கேட்டேன். முதுகில் அடிபட்டு வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டிவிடும் என்றார். "வீங்கின காலைத் தேய்க்கவே கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரல்ல போய் அடைச்சிரும். தேய்ச்சது யாரு?"

தெரியாது என்றேன்.

மதினியிடம் இன்றுவரை சொல்லவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "கடைசி மூச்சு வரைக்கும் அவுகளுக்குக் காலு பிடிச்சுவிட்டது இந்தக் கைதான்," என்பாள். சொல்லிவிட்டு என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நான் இழுத்துக்கொள்வதில்லை.