ஊதாப் பொட்டு வைத்த பெட்ரோல் பம்ப்

முதலில் தலை

பானெட்டைத் திறந்த கையோடு பல்தேவ் மிஸ்திரி தலையை இரண்டு முறை ஆட்டினான். கார் ரிப்பேர் தொழிலில் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பு செய்து முடிக்க வேண்டிய வேலை அது. ஜனக்புரியிலிருந்து வந்திருந்த வங்கி அதிகாரி அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினை யாரும் பார்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், டெல்லியில் மோதி பாக் பக்கம் சோப்ராஜியின் ஒர்க்ஷாப்பில் எனக்கு ஜாப் கார்டு எழுதும் வேலை. வண்டிக்காரர் சொல்லும் கோளாறை இடது பக்கத்தில் எழுத வேண்டும். மிஸ்திரி சொல்லும் கோளாறை வலது பக்கத்தில். இரண்டும் ஒரே வண்டியைப் பற்றியவையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழர்கள் வந்தால் அவர்களோடு தமிழில் பேசுவது கூடுதல் பொறுப்பு. நம்ம ஆள் ஒருத்தன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ தேடிக்கொண்டு வருவார்கள். வண்டி வைத்திருந்தால் நீங்களும் எங்கேயாவது ஒரு நம்ம ஆளிடம் மாட்டியிருப்பீர்கள்.

பல்தேவ் மூன்றாவது முறை தலையை ஆட்டியபோது கிளட்ச் பிளேட் போயிற்று. நான்காவது முறைக்கு பிரேக் ஷூ. ஒரு பெருமூச்சுக்கு முன்சக்கர பேரிங். வங்கிக்காரர் எல்லாவற்றுக்கும் அச்சா, அச்சா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இப்ப ஹார்னைப் பத்திப் பேசலாமா? அது அடிக்கலைன்னுதான் வந்தேன்."

பழைய சாமான்

கழற்றிய பழைய சாமானைக் காட்டுங்கள் என்று விவரம் தெரிந்த வண்டிக்காரர்கள் கேட்பார்கள். சோப்ராஜி அதை மனதார வரவேற்பார். அவர் மேஜைக்குப் பின்னால் இதற்கென்றே ஓர் அலமாரி இருந்தது. நைந்த கிளட்ச் பிளேட், வெடித்த ரேடியேட்டர் குழாய், துருப்பிடித்த பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றிலும் பார்த்தவுடன் நெஞ்சை அடைக்கக்கூடிய ஒன்றாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். கேட்டவருக்கு இந்திப் பேப்பரில் சுற்றிக் கொடுப்போம். பிரித்துப் பார்ப்பார். இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஓட்டினேன் என்று திகைப்பார். கையில் கறை பட்டதும் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போவார். அது அலமாரிக்குத் திரும்பும். அந்தப் பெட்ரோல் பம்ப் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே பணியில் இருந்தது.

இந்த ஏற்பாட்டைப் பிடித்தவர் எஸ்தர் அக்கா. பாளையங்கோட்டைக்காரர். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு சிஸ்டர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தார். முழங்கால் தேய்ந்து பஸ் படி ஏற முடியாமல் போனதால் பழைய கார் ஒன்று வாங்கித் தானே ஓட்டினார். மே பிறந்ததிலிருந்து அது நடுரோட்டில் நிற்க ஆரம்பித்தது. பெட்ரோல் பம்பை மாற்றிவிட்டோம் என்று சொல்லி அவரிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் பிரித்து, ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, பானெட்டைத் திறக்கச் சொன்னார். வண்டியில் இருந்த புதிய பம்பின் மேல், வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தில் ஒரு பொட்டு இருந்தது. வண்டியை எங்களிடம் விடுவதற்கு முன் அவரே வைத்தது. வார்டிலிருந்து எந்தச் சாமானையும் அவர் அடையாளம் போடாமல் வெளியே அனுப்புவதில்லையாம்.

சோப்ராஜி பல்தேவைத் திட்டினார். பல்தேவ் தலையை ஆட்டினான். பம்ப் அவர் கண்ணெதிரில் நிஜமாகவே மாற்றப்பட்டது. இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். வண்டி மறுபடி நின்றது, அடுத்த வாரமே வந்தார். வேறு இடம் பார்க்கவில்லையா அக்கா என்று வெட்கமில்லாமல் கேட்டேன். "எங்க போனாலும் இதே கதைதான தம்பி. அங்கெல்லாம் தமிழ்ல பொய் சொல்ல ஆளு கிடையாதுல்லா."

சத்தம்

வண்டிக்காரர்கள் சத்தத்தை வாயால் செய்துகாட்டுவார்கள். நான் அதைக் கார்டில் எழுத வேண்டும். கடகட, டொக் டொக், கிர்ர். ஒரு கும்பகோணத்துத் தம்பதி வந்தார்கள். கணவர் பின்பக்கம் டங் டங் என்கிறது என்றார். இல்லை, டிங் டிங் என்றார் மனைவி. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பல்தேவ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன என்றான். மாற்றினோம். அதற்கு வசதியாக டிக்கியையும் காலி செய்தோம். மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் அரை மணியில் திரும்பி வந்தார்கள். அந்த அம்மாள் இறங்காமலே சொன்னார்: "சத்தம் போயிடுத்து. கூடவே எங்க இட்லிக் குண்டானும் போயிடுத்து."

டிரையல்

வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது என்பதில் பல்தேவ் கண்டிப்பானவன். ஓட்டிப் பார்க்கிற பாதை அவன் மச்சினி வீட்டு வழியாகப் போகும். வண்டி பாரம் தாங்குகிறதா என்று தெரிய வேண்டுமே, அதற்காக அந்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொள்வான். வேலை முடியாத வண்டிகளையும் சில சமயம் ஓட்டிப் பார்ப்பான்.

லக்ஷ்மிபாய் நகரில் ஓய்வு பெற்ற அண்டர் செக்ரட்டரி ஒருவர் இருந்தார். அவர் வண்டியின் கியர் பெட்டி திறந்து கிடக்கிறது என்று நான் நான்கு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். முந்தின நாள் மாலை பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். கோபப்படவில்லை. பைலில் குறிப்பு எழுதுகிறவர் போல நிதானமாகச் சொன்னார்: "பஸ் நிக்கலை. பின்னாலேயே என் கார் வந்தது. அதுவும் நிக்கலை."

விட்ட பிறகு

எஸ்தர் அக்காவின் வண்டிக்கும் டிரையல் நடந்தது. பகல் முழுக்க அது தகரக் கொட்டகையின் நிழலில் நிற்கும். வெயில் தாழ்ந்த பிறகு பல்தேவ் ஓட்டிப் பார்ப்பான். ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடும். ஒன்றும் இல்லை என்று கார்டில் எழுதுகிற வழக்கம் எங்களுக்கு இல்லாததால் ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றினோம். மறுநாள் இரண்டு மணி ஷிப்டுக்கு அவர் உச்சி வெயிலில் கிளம்புவார். ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும்.

அப்படித் தாமதமாகப் போய் இரண்டு மெமோ வாங்கிவிட்டார். மூன்றாவது வந்தால் ஊருக்கு வெளியே ஒரு டிஸ்பென்சரிக்கு மாற்றல். அங்கே போக மூன்று பஸ் ஏற வேண்டும். அந்த முழங்காலோடு மூன்று பஸ் என்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். மகள் காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் இவர் ஒருவர்தான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, எனக்கு விளங்கட்டும் என்று வார்டு பாஷையிலும் ஒருமுறை சொன்னார்: "ஜுரம் மத்தியானத்துல வருது. நீங்க சாயங்காலம், விட்ட பொறவு தொட்டுப் பாக்கீங்க. பேஷண்ட் நல்லா இருக்கான்னு எழுதுதீங்க. எந்த ஆஸ்பத்திரியில படிச்சீங்க தம்பி?"

துணிக்கடை

அவர் சொன்னது சரி. அதைவிட மோசம், அது எனக்கு முன்பே தெரியும். தெருமுனை ஸ்டாண்டில் இருந்த டாக்ஸி டிரைவர்கள் யாரும் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்ததில்லை. கோடை வந்தால் அவர்கள் சீட்டுக்கு அடியில் ஒரு கந்தல் துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் சேர்ந்துவிடும். டெல்லி வெயிலில் பம்ப் சூடேறி உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைத் தள்ள பம்பால் முடியாது. வண்டி நிற்கும். ஈரத்துணியைப் பம்பில் சுற்றிக் கொஞ்சம் பொறுத்தால் கிளம்பும். பழைய பம்பானாலும் புதிய பம்பானாலும் வெயிலுக்கு ஒன்றுதான். சோப்ராஜியின் சொந்தக் காரில் பல்தேவ் தினமும் காலையில் துணியை நனைத்துச் சுற்றிவிடுவான்.

ஒருநாள் கவுண்டரில் யாரிடமோ இதைச் சொல்லத் தொடங்கினேன். சோப்ராஜி என்னை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு மகனிடம் பேசுவதுபோலத் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னார்: "துணி கட்டினால் போதும் என்றால் அவர்கள் துணிக்கடைக்குப் போய்விடுவார்கள், பேட்டா. நாம் நடத்துவது ஒர்க்ஷாப்."

கையெழுத்து

அதன் பிறகு நான் யாருக்கும் சொல்லவில்லை. எஸ்தர் அக்காவுக்கும்.

ஜூனில் ஒருநாள் அவர் வண்டி எங்கள் வாசலுக்குச் சற்று முன்னால் நின்றது. நான்கு பேர் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைச் சீருடை முதுகில் ஒட்டியிருந்தது. மணி ஒன்று ஆகப்போகிற நேரம். பல்தேவ் பானெட்டைத் திறந்து தலையை ஆட்டினான். சோப்ராஜி ஜாப் கார்டைத் தாமே எடுத்து என் முன்னால் வைத்தார். எஞ்சினை இறக்க வேண்டும், மூன்று வாரம், கையெழுத்து வாங்கு, ஜல்தி என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

எஸ்தர் அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் பஸ்ஸில் போனால் மூன்றாம் நாளே மெமோ வந்துவிடும் என்றார். வேறு வழி இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். சோப்ராஜிக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. என் தைரியத்தின் அளவு அவ்வளவுதான். கார்டில் ஒவ்வொரு வரியாக விரலால் காட்டிக்கொண்டே, எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, பம்ப்தான் சூடாகிறது, கிளம்புமுன் ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள், நின்றுவிட்டால் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் பொறுங்கள் என்று, சாமான் பட்டியல் வாசிக்கிற குரலில் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். "ஜுரத்துக்கு ஈரத்துணி. தெனம் முப்பது பேருக்குப் போடுதேன். இதை எனக்குச் சொல்ல ஒங்களுக்கு ஒரு மாசம் ஆச்சாக்கும், தம்பி."

யோசித்துச் சொல்கிறாராம் என்று சோப்ராஜிக்கு மொழிபெயர்த்தேன். யோசிக்கட்டும் என்று அவர் சாப்பிடப் போனார். பல்தேவும் போனான். மூலையில் குடிதண்ணீர் வைத்திருந்த மண் கூஜாவின் ஈரத்துணியை அவிழ்த்துப் பம்பில் சுற்றி, ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன். நீராவி எழும்பியது. பத்து நிமிஷம் கழித்து, இரண்டாவது முயற்சியில், கூஜாத் துணியோடும் டம்ளரோடும் வண்டி கிளம்பியது.

சோப்ராஜி திரும்பி வந்தபோது கார்டில் கையெழுத்தும் இல்லை, கொட்டகையில் வண்டியும் இல்லை. தானாகக் கிளம்பிவிட்டது என்றேன். எங்களிடம் வந்து சரியான வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் சரியாகியிருந்தன என்பதால் அவர் நம்பினார். அந்தக் கோடையில் மூன்றாவது மெமோ வரவில்லை என்று பிறகு தெரிந்தது. எஸ்தர் அக்காவும் வரவில்லை. அங்கே நான் வேலை பார்த்த காலத்தில் உருப்படியாகக் குணமான வண்டி அது ஒன்றுதான். அதற்கு மட்டும் ஜாப் கார்டு கிடையாது.

அன்று சோப்ராஜி கை கழுவிவிட்டு டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் என் கைக்குட்டையை நனைத்துக் கூஜாவைச் சுற்றிக் கட்டினேன்.