பாஸ்கோ மறந்த பாஷை

"நான் வந்து இறங்கினப்போ இந்த ஹோக்கியாங்காவுல ஈ காக்கா கிடையாது. காட்டை வெட்டி ஊராக்கினவன் நான்!" என்று நியூசிலாந்துத் தேர்தல் மேடை ஒன்றில் முழங்கினான் மரவாடி முதலாளி ஜோசயா பாஸ்கோ.

கீழே நின்ற மாவோரிப் பூர்வகுடிப் பெண் ரீரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த புதிதில் குளிர்காய்ச்சலில் கிடந்த அந்த வெள்ளைக்காரனுக்குக் கிழங்கு மசித்து ஊட்டியவள் அவள். அவளிடமே மாவோரி பேசக் கற்று, இனிக்க இனிக்கப் பேசி அவள் சனத்தின் காட்டை வளைத்துப்போட்டவன் அவன்.

"அப்ப உனக்கு ஊட்டினது யாருடா, பேயா?" என்று மாவோரியில் கத்தினாள்.

பாஸ்கோ கையை விரித்தான். "இந்தம்மா என்ன சொல்லுது? அவங்க பாஷை நமக்குத் தெரியாதே. யாராச்சும் இங்கிலீஷ்ல சொல்லுங்கப்பா."

"தெரியாதா? போய் உன் தலையை வேகவச்சுத் தின்னுடா!"

அவள் சனத்தில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. மொழிபெயர்க்க வந்தவன் இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் பாஸ்கோவின் முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.