அம்மா திரும்புவதற்குக் கைதட்டியது

என் மாமாவுக்குக் கிறுக்கு என்று எங்கள் ஊர் பாடாங் செராயில் சொல்லாதவர் இல்லை. அம்மாவின் தம்பி அவர். பக்கத்து டவுன் கூலிமில் தொழிற்சாலை வேலை. லீவு நாளில் உறுமி மேளத்தைக் கணினியோடு இணைத்து, இயந்திரம் இரைவதுபோல எதையோ வாசித்துக்கொண்டிருப்பார். கேட்டால் அது இசையாம்.

அம்மா இறந்த மறுவருஷம் அதைக் கோயில் மண்டபத்தில் மேடையேற்றினார். பின்னால் வெள்ளைத் திரை. சனம் கைதட்டினால்தான் திரையில் படம் தெரியும், நகரும், நிறுத்தினால் மங்கிப்போகும். அப்படிச் செய்து வைத்திருந்தார்.

"நல்லா தட்டு பாப்பா. எல்லாரும் தட்டுனா அம்மா திரும்பிப் பார்ப்பாங்க" என்றார் என்னிடம். எனக்கு ஏழு வயது. நம்பினேன்.

வந்திருந்தவர்கள் எங்கள் தோட்டத்து ஆட்கள்தான். உறுமி அலறியதும், "கரோக்கே இல்லையா லா?" என்றார் முன்வரிசை அண்ணன் ஒருவர். ஆனாலும் தட்டினார்கள். தட்டத் தட்டத் திரையில் புள்ளிகள் சேர்ந்தன. தொழிற்சாலைச் சீருடை, பின்னல், தோளில் பை. அம்மா முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ, நம்ம புள்ளடா!" என்றது ஒரு குரல். அவ்வளவுதான். இறந்தவர் படத்துக்கு முன்னால் யாராவது கைதட்டுவார்களா? மண்டபமே எழுந்து கைகூப்பி நின்றது. அம்மா மங்கத் தொடங்கினாள்.

நான் மட்டும் தட்டினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தவங்க முன்னுக்குத் தட்டக்கூடாதுடி" என்று அழுதாள்.

"விடுங்க அத்தை, அம்மா போறாங்க!"

மாமா மைக்கில், "தட்டுங்க, தயவுசெஞ்சு தட்டுங்க" என்று கெஞ்சினார். கூப்பிய கையை ஒருவரும் பிரிக்கவில்லை. திரை வெறும் வெள்ளையானது.

பாவிகள்! கும்பிட்டே என் அம்மாவை அனுப்பிவிட்டார்கள் என்று எத்தனை வருஷம் மனதுக்குள் திட்டியிருப்பேன். மாமா அதற்குப் பிறகு உறுமியைத் தொடவில்லை.

போன மாதம் அவருடைய பழைய கணினியில் அந்தக் காட்சி கிடைத்தது. அம்மா உயிரோடு இருந்தபோது மாமா கைப்பேசியில் எடுத்தது. "அக்கா, இங்க பாருக்கா... அக்கா!" என்று அவர் குரல் பின்னாலிருந்து கூப்பிடுகிறது. வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அம்மா திரும்பாமலே தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். அத்தோடு முடிகிறது.

திரும்பிப் பார்க்கும் அம்மா அதில் இல்லவே இல்லை. மண்டபம் விடிய விடியத் தட்டியிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள். அது தெரிந்தும் மாமா ஏன் அப்படிக் கெஞ்சினார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். நான் அம்மாவுக்காகத் தட்டினேன். அவர், அன்று திரும்பாமல் பஸ் ஏறிய அக்காவை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.